கிட்டார் தலையில் யார் பேர்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை தலையில் இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு முட்டு அவர் முழங்காலிலேயே சாய்ந்ததற்கு அப்புறம், கம்பெனி அவரை மேலே, சுரங்க வளாகத்துத் தச்சுப் பட்டறைக்கு மாற்றிவிட்டது. அன்றிலிருந்து அவர் மண்டி போடுவதில்லை. கோயிலில்கூட நின்றபடியே கும்பிடு. சாமிக்குத் தெரியும் என்பார்.

அடக்கம் என்கிற சரக்கு மாமாவிடம் கிடையாது. ஒரு இசைத்தட்டு உறையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னா மச்சான், ஒரு பொட்டி, ஒரு கட்டை, ஆறு கம்பி. நான் செய்யறேன்" என்றார். மெஷின் வந்திறங்கிய பெட்டிப் பலகையை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி, மூன்று மாதம் ஷிப்டு முடிந்தபின் பட்டறையிலேயே உட்கார்ந்து செய்தும் விட்டார். வாசித்துப் பார்த்தேன். கொஞ்சம் மூக்கால் பேசியது. ஆனால் பேசியது.

எனக்கு அப்போது பி.யூ.சி. முடிந்து, மேற்கொண்டு என்ன என்று தெரியாத நேரம். தெரிந்தது ஒன்றுதான்: ராபர்ட்சன்பேட்டை ஹாலில் கிறிஸ்மஸுக்கு நடக்கிற டான்ஸில் மேடை ஏறி வாசிக்க வேண்டும். பேண்டில் இருந்த கிட்டார்காரர் தன் கிட்டாரோடு பெங்களூருக்குப் போய்விட்டதால் இடம் காலி. ஊரிகத்தில் எங்கள் தகரக் கூரை வீட்டில், அவரிடம் இரவல் வாங்கிய கிட்டாரில், அக்கம்பக்கத்து வசவுக்கு நடுவே ஒரு வருஷமாக வாசித்துப் பழகியவன் நான். அந்த மேடை கிடைக்கவில்லை என்றால் அப்பா என்னைக் கம்பெனி ஆபீசில் கிளார்க்காகத் தள்ளிவிடத் தயாராக இருந்தார்.

ஆனால் ஹால் செக்ரட்டரி ஒரு சட்டம் போட்டிருந்தார். மேடையில் கம்பெனி பேர் போட்ட, கடையில் வாங்கின கிட்டார்தான் ஏறலாம். அதற்கு முந்தின வருஷம் யாரோ செய்த நாட்டுக் கிட்டாரின் கழுத்து, பாட்டு நடுவில் பிய்த்துக்கொண்டு முன் வரிசையில் விழுந்ததாம். யார் செய்தது என்று கேட்டால் ஒருத்தனும் வாய் திறக்கவில்லையாம். செக்ரட்டரிக்கு அதுதான் ஆறாத கோபம். பகலில் அவர் சுரங்கத்துக் கேட்டில் செக்யூரிட்டி ஆபீசர். திட்ட ஆள் கிடைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"அவ்ளோதானே? பேர் எழுதிட்டா கம்பெனி கிட்டாரு" என்றார் மாமா. எந்தப் பேர்? அந்த இசைத்தட்டு உறையில் கிட்டார் தலையில் இருந்ததே, உலகத்துக்கே தெரிந்த அமெரிக்கக் கம்பெனியின் பேர்.

நான் குதித்தேன். "மாமா, அது ஃபோர்ஜரி. அடுத்தவன் பேர்ல பொய் சொல்றது."

"பரீட்சையில பிட்டு வச்சிக்கினு போனப்ப எங்கடா போச்சு இந்த நியாயம்?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

"அது பிட்டு. இது திருட்டு."

மாமா பீடியைப் பற்றவைத்தார். "மச்சான், நம்மாளு உயிரை விட்டுத் தோண்டுன தங்கம். உருக்கிக் கட்டியா அடிச்சி மேல யார் பேரு குத்துறான்? முன்ன வெள்ளக்காரன் முத்திரை. இப்ப சர்க்காரு முத்திரை. எங்கப்பன் பேரு எதுலயாவது கீதா? இத்தினி வருசம் எங்க வேலையில அவங்க பேரு. ஒரே ஒரு வாட்டி என் வேலையில ஒரு வெளிநாட்டுக்காரன் பேரு. கணக்கு தீந்துச்சி போ."

இதற்கு எங்கள் லாஜிக் வாத்தியார்கூடப் பதில் சொல்லியிருக்க மாட்டார். அது தப்பு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். செக்ரட்டரியிடம் மாமாவே போய், "கப்பல்ல வேலை செய்யற சொந்தக்காரர் கொண்டாந்த ஒரிஜினல்" என்று அளந்துவிட்டு வந்தார். செக்ரட்டரி அதை மேலதிகாரிகளிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

டான்ஸ் அன்று மத்தியானம், சைக்கிளோடு சுரங்கத்துக் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வாங்கிய தங்க நிறப் பொடியைக் குழைத்து மாமா எழுத்தை முடித்திருந்தார். தூரத்தில் வரும்போதே மின்னியது. உண்மையைச் சொல்லுகிறேன், அந்த எழுத்தைப் பார்த்ததும் என் நியாயமெல்லாம் கரைந்துவிட்டது. அவ்வளவு அழகு.

ஆனால் மாமா ஒன்றை மறந்துவிட்டார். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருப்பவர், மறக்கலாமா? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக் கேட்டு வழியாக மஞ்சளாக மின்னும் ஒரு சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்! அந்தக் கேட்டில் டிபன் கேரியரைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், தலைப்பாகையை உதறிப் பார்ப்பார்கள்.

"இன்னாப்பா இது மின்னுது?" என்றார் வாட்ச்மேன்.

"எழுத்துங்க."

"எழுத்துன்னு தெரியுது. எதுல எழுதினது?"

"பெயிண்டு."

"அமெரிக்காக்காரன் பெயிண்டுலயா எழுதுவான்? அவனுக்கு இன்னா பஞ்சமா?"

கிட்டாரைக் குலுக்கினார். உள்ளே கடகடவென்றது. கல்லு, தங்கக் கல்லு என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவியதில் மாமா ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த பென்சில் கிடைத்தது. அதற்குள் செக்யூரிட்டி ஆபீசரே வந்துவிட்டார். அதாவது எங்கள் ஹால் செக்ரட்டரி.

"ஏனப்பா, கப்பல்ல வந்த ஒரிஜினல்னு சொன்னியல்லா? அது எதுக்கு மைனுக்குள்ள போச்சு?"

"ரிப்பேருக்கு சார்."

"ஒரிஜினல்னா இந்த எழுத்து தங்கமா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரிஜினல் என்றால் தங்கமா என்று கேள்வி வரும், கேஸ் ஆகும், வேலை போகும். பெயிண்டு என்றால் டூப்ளிகேட், மேடை போகும். பின்னால் ஷிப்டு முடிந்த கூட்டம் வீட்டுக்குப் போக வழியில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் சும்மா இருக்காமல் நகத்தால் சுரண்ட, பாதி எழுத்து பொடியாக உதிர்ந்தது.

"டூப்ளிகேட்டு சார்" என்றார் மாமா. "நான் செஞ்சது."

கூட்டம் நெருங்கி வந்தது. "நீயா செஞ்சே? இன்னாத்துல செஞ்சே?" என்றார் அவரோடு சுரங்கத்து அடியில் வேலை பார்த்த ஒருவர். "பெட்டிப் பலகைல." "வாசிடா தம்பி, கேப்போம்" என்றார்கள் என்னிடம். கேட்டுக்கு நடுவிலேயே வாசித்தேன். விசில் பறந்தது. மாமா முதுகில் தட்டினார்கள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ருசியைக் கண்டவர் இனி இறங்கி வரமாட்டார்.

நினைத்தபடியே ஆயிற்று. ஆபீசர் எங்களைத் தனியே கூப்பிட்டு, "நான் பெரியவங்களுக்கெல்லாம் அமெரிக்கன் கிட்டார்னு சொல்லிட்டேன். போய் அழிஞ்ச எழுத்தைத் திரும்பப் போடு. வெளியே பேசாதே" என்றார். சட்டம் போட்டவரே இப்படி!

"போடமாட்டேன் சார்."

"போடுங்க மாமா" என்றேன் நான்.

"நீதானே ஃபோர்ஜரின்னே?"

"அது போன மாசம், மாமா!"

அவர் மிச்ச எழுத்தையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, காதிலிருந்த பென்சிலால் கிட்டார் தலையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் இரண்டு கோடு கிழித்தார். சுரங்கத்து அடியில் தான் நிறுத்திய ஒவ்வொரு முட்டிலும் சுண்ணாம்பால் அவர் போட்ட குறி அது. டிம்பர்மேன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குறி உண்டு. முட்டு சாய்ந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா?

"பேருன்னா அதுக்குத்தான் மச்சான். பெருமைக்கு இல்ல, திட்டு வாங்கறதுக்கு. இது ஒடைஞ்சா அமெரிக்காக்காரனையா போய்த் திட்டுவாங்க? இந்தக் குறியோட ஏறட்டும். இல்லன்னா வேணாம்."

வேணாமா? யாருக்கு? ஒரு வருஷம் விரல் தேய வாசித்தவன் நான். அழுகை வந்துவிட்டது. வீட்டில் அக்காதான் வழி சொன்னாள். பச்சைக் காகிதத்தில் ஒரு நட்சத்திரம் வெட்டி, கிட்டார் தலையில் குறி மேலே ஒட்டினாள். "கிறிஸ்மஸ் அலங்காரம். கேட்டா அப்படிச் சொல்லு." ஆபீசரும் நட்சத்திரத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஏறச் சொல்லிவிட்டார்.

இரண்டு பாட்டு ராஜா மாதிரி வாசித்தேன். மூன்றாவதில், கம்பிகளை இழுத்துப் பிடிக்கிற அடிக்கட்டை 'டொக்' என்று எழும்பியது. ஆறு கம்பியும் தொளதொளத்தன. ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்தின. அந்த அதிர்ச்சியில் நட்சத்திரமும் கழன்று ஆபீசர் காலடியில் விழுந்தது. அவர் கழுத்து நரம்பு புடைக்க எழுந்தார்.

"யார் செஞ்சது இது?"

போன வருஷம் போல ஹால் மௌனமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"நான்தான் சார்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், ஏதோ பரிசுக்குப் பேர் வாசித்த மாதிரி.

மாமா சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூவும் திருப்புளியும் எடுத்துக்கொண்டே வந்தார். எல்லாம் தயாராக வைத்திருந்திருக்கிறார், மனுஷன். மேடையேறி, கிட்டாரை என் மடியில் சாய்த்து, முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மண்டி போட்டார். ஆபீசர் திட்ட ஆரம்பித்தார். கன்னடத்தில், தமிழில், மிச்சத்துக்கு இங்கிலீஷில். மாமா ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்க, என் தப்புதான், தோ ஆச்சு" என்று சொல்லியபடி ஸ்க்ரூவை முறுக்கினார். ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

நாலாவது பாட்டு ஆரம்பித்தபோது, சன்னல் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மேடைக்கே கேட்டது.

"சாமி முன்னாடி முட்டி மடங்காது. பொட்டிப் பலகைக்கு மடங்குது பாரு!"