பழுத்த திராட்சையும் மழைக்கஞ்சியும்

எண்பதுகளின் கடைசியில் கான்சாபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. நெல்லுக்குத் தண்ணீர் பற்றாது என்று, பாதி நிலத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பன்னீர் திராட்சை போட்டிருந்தேன். அந்த வருஷம் ஆடியிலும் ஆவணியிலும் மலையில் சாரல் விழவில்லை. பிளவக்கல் அணையில் பாறை தெரிந்தது. கிணற்றில் கிடந்த தண்ணீர் மோட்டாருக்கு எட்டவில்லை. நானும் மனைவியும் குடத்தில் இறைத்து, ஒவ்வொரு கொடியின் தூரிலும் ஊற்றினோம்.

புரட்டாசியில் பழம் கறுத்தது. திங்கட்கிழமை வந்து வெட்டிக்கொள்வதாக ராஜபாளையத்து வியாபாரி சொல்லிவிட்டுப் போனார். அதுவரை மழை பெய்யக் கூடாது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும்.

ஊரிலோ நாற்று காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் மழைக்கஞ்சி எடுத்தார்கள். வீடு வீடாகக் கஞ்சி வாங்கி, ஊர் எல்லையில் கூடிக் குடித்து, மழை கேட்டு அழுவார்கள். எங்கள் வாசலுக்குப் பானையோடு முதலில் வந்தவர் பக்கத்துத் தோட்டத்து மதினி.

“என்ன கொழுந்தனாரே, தலையக் குனிஞ்சுட்டு நிக்கீரு? நாங்க அழுதா ஒம்ம பழம் நனைஞ்சிரும்னா?”

நான் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தேன். நாலு பெண்கள் முன்னால் எப்போதுமே எனக்குக் கூச்சம். மனைவிதான் சொம்போடு வந்தாள்.

“அதுக்காக ஊத்தாம இருப்பமாக்கா? திங்கக்கெழமைக்குப் பொறவு பெய்யச் சொல்லி அழுங்க.”

“ஏட்டி, டவுன் பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வரல. மழ வருமாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுக்குப் பெருமாள் கும்பிடப் போனவர்கள் திரும்புகிற நேரத்தில் மழை பெய்தது. கொஞ்ச நேரம்தான். ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. நான் பந்தலுக்கடியில் நின்று, இலை வழியாகத் தண்ணீர் குலைகளில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குலைகளில் ஈயும் குளவியும் மொய்த்தன. திங்கட்கிழமை வந்த வியாபாரி ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார்.

“பொட்டியில வச்சா மதுரைக்குப் போறதுக்குள்ள புளிச்சிரும் அண்ணாச்சி,” என்றார். வண்டி வெறுமனே திரும்பியது.

அந்த மழை நாற்றுக்கும் பற்றவில்லை. மேல் மண் மட்டும் நனைந்து, இரண்டொரு வெயிலில் பாளம் பாளமாகப் பிளந்தது. மதினி கூடையோடு வந்து, வெடித்த பழத்தை ஆட்டுக்குப் பொறுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மறுபடியும் கஞ்சி எடுக்கணும்,” என்று மனைவியிடம் மட்டும் சொன்னார்.

எடுத்தார்கள். இந்த முறை சொம்பை வாங்கி நானே ஊற்றினேன். நனைவதற்குப் பந்தலில் எதுவும் இல்லை. ஐப்பசி போனது, கார்த்திகையும் போனது. மழை வரவில்லை.