முதலில் வருகிறவர் பெருக்க வேண்டும்

எங்கள் பள்ளியில் ஒரு விதி இருந்தது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் வகுப்பறையைப் பெருக்க வேண்டும். விதியைப் போட்டது நான்தான். ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியை என்றால் விதி போடுவது, வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சிக்கு போன் போடுவது எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான் விழும். தூய்மைப் பணிக்கு வருகிற அம்மா கழிப்பறையைக் கழுவிவிட்டு அடுத்த பள்ளிக்கு ஓடிவிடுவார். வகுப்பறைக்கு ஆள் கிடையாது. பிள்ளைகளைப் பெருக்கவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். செய்வதையாவது நியாயமாகச் செய்வோம் என்றுதான் அந்த விதி. அதில் சாதி இல்லை, ஆண் பெண் இல்லை, முதல் பெஞ்சு கடைசி பெஞ்சு இல்லை. முதலில் வந்தால் பெருக்கு, அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் சமத்துவம் பற்றிப் பேசச் சொன்னபோது இதையே உதாரணமாகச் சொல்லிக் கைத்தட்டும் வாங்கினேன்.

யார் முதலில் வருகிறார்கள் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. நான் வந்து சேர எட்டே முக்கால் ஆகிவிடும்.

முதலில் வந்தவர்கள் காலனிப் பிள்ளைகள். எப்போதும் அவர்கள்தான். அவர்களுடைய அம்மாக்கள் ஒரகடம் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்குச் சாலைகள் சேரும் கூட்ரோட்டுக்கு வந்துவிடும். காலைச் சிற்றுண்டி சமைக்கிற அக்கா ஆறரைக்கே பள்ளியைத் திறந்துவிடுவதால், பிள்ளையை கேட்டுக்குள் விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். ஊருக்குள் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் ஆண்கள்தான் கம்பெனிக்குப் போகிறார்கள், பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வண்டியில் வந்து இறங்குவார்கள். ஆக, சாதியே இல்லாத என்னுடைய விதி வருஷக்கணக்கில் ஒரே தெருப் பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

நான்காம் வகுப்பில் காலனிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒல்லியாக, வாய் பேசாமல், கணக்கில் மட்டும் எல்லோருக்கும் முன்னால் கை தூக்குகிறவள். ஒருநாள் பாடம் நடக்கும்போது ஊர்ப் பையன் ஒருவன் பென்சில் சீவிய தூளைக் காலடியில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்த்து, "ஏய், இங்க குப்பை கீது பாரு" என்றான். அவள் எழுந்து போனாள். இரண்டு கையாலும் தூளைக் கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள் நான். நான் செய்தது வேறு. அவளை எழுப்பி நிற்கவைத்து, "பாருங்க, உதவுற குணம்னா இதுதான்" என்று சொல்லி வகுப்பு முழுவதையும் கை தட்டச் சொன்னேன். பிள்ளைகள் பலமாகத் தட்டினார்கள். அவனும் தட்டினான்.

அடுத்த வாரம் முழுக்க அவள் மணி அடித்த பிறகுதான் வந்தாள். இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் வாசலிலேயே நிறுத்தி நன்றாகத் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சமையல் அக்காதான் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு ஒரு வாரமா சாப்டவே வர்ல டீச்சர். அவங்க அம்மா என்னமோ தெனம் கொண்டாந்து கேட்டாண்ட உட்டுட்டுத்தான் போவுது. அது பஸ் ஏறினதும் இது வெளிய போயிடுது. இன்னா ஏதுன்னு பாருங்க."

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கே போய் இறங்கினேன். ஊருக்குள் வராத பஸ் அது, கூட்ரோட்டோடு சரி. கூட்ரோட்டு நிழற்குடையில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் திரும்பும்போது பெரியவர்களே இரண்டடி பின்வாங்குவார்கள். ஒன்பது வயசுக் குழந்தை தினமும் இரண்டரை மணி நேரம், வெறும் வயிற்றோடு அங்கே இருந்திருக்கிறாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சமையலறையில் உட்காரவைத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்கக் கேட்க, உப்புமாவை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் வரும்வரை காத்திருந்து அவள் அம்மாவைப் பிடித்தேன். நீல நிற ஓவர்கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது மிஸ். உள்ள போயிட்டான்னு நெனச்சுகினு பஸ் ஏறினு இருந்தேன்."

"வகுப்பறை பெருக்கப் பிடிக்கலைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன், சீக்கிரம் வந்தால் பெருக்க வேண்டுமே என்றுதான் ஒளிந்துகொண்டாள் என்று நினைத்து.

"பெருக்கறது இன்னா புதுசா மிஸ்? வூட்ல அவதான் பெருக்குவா. அன்னிக்கு நீங்க கை தட்டச் சொன்னீங்களாமே, அன்னிலேர்ந்துதான் ஸ்கூலுக்கே போமாட்டேன்னு அழுதுச்சு. நான்தான் இழுத்துகினு வந்தேன்."

"பாராட்டத்தானே தட்டச் சொன்னேன்?"

"அவன் குப்பையப் போட்டுட்டுக் கூப்டான், இவ போனா. அதுக்குக் கை தட்டிட்டா, அப்புறம் அது இவ வேலைன்னே ஆயிடுது இல்ல மிஸ்?" கோபமே இல்லாமல்தான் சொன்னார். "நானும் இந்த ஸ்கூல்லதான் படிச்சேன். தெனம் பெருக்கினேன். மணி அடிக்கறதுக்கு மட்டும் ஒருநாளும் கூப்டல."

நான் படித்த பள்ளியில் மணி அடிக்கிற பிள்ளையாக இருந்தவள் நான். துடைப்பத்தைத் தொட்டதே இல்லை. ஏன் என்று இத்தனை வருஷத்தில் யோசித்ததும் இல்லை. வெட்கமாக இருந்தது.

அவளை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அவ உள்ள வந்து ஒக்காந்து இருக்கணும் மிஸ். அவ்ளோதான் எனக்கு வேணும். இல்லேன்னா நான் வேலைய உடணும்" என்றார்.

மறுநாளே பழைய விதியை எடுத்தேன். பெருக்க, மணி அடிக்க, வழிபாட்டில் செய்தி வாசிக்க என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி ஒட்டினேன். முழு வகுப்பும் முறை வைத்து வரும். பெருக்குவது இனிமேல் சாயங்காலம், எல்லோரும் பள்ளியில் இருக்கும்போது. என் பெயரையும் திங்கட்கிழமைக்கு எழுதினேன்.

மூன்றாம் நாள், பென்சில் தூள் கொட்டிய பையனின் அப்பா வந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் நிரந்தர வேலை, சீருடையோடு வந்திருந்தார்.

"எம் பையன் கையில தொடப்பத்தக் குடுத்தீங்களாமே மிஸ்?"

"முறை வெச்சிருக்கோம். என் பேரும் அதுல இருக்கு பாருங்க. உங்க கம்பெனில ஷிப்ட் முடிஞ்சா மிஷினச் சுத்தி யார் சுத்தம் பண்றாங்க?"

"அவங்கவங்க எடத்த அவங்கவங்கதான் பண்ணனும். மேனேஜரே தொடைப்பாரு" என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அப்புறம் என்ன?"

"அது கம்பெனி மிஸ். இது ஊரு."

வழி கேட்டவருக்கு இடது பக்கம் திரும்புங்கள் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த கேட்டுக்குள் ஊர் கிடையாது, இது பள்ளிக்கூடம், விருப்பம் இல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுவருவதற்காக இன்னொரு பிள்ளையை வெளியே அனுப்பும் உரிமை எனக்கு இல்லை. நல்லவேளை, அவர் என்னைவிடப் பொறுமைசாலி. பையன் இரண்டு நாள் வரவில்லை, பிறகு வந்தான். மூலையெல்லாம் விட்டுவிட்டு நடுவில் மட்டும் பெருக்கினான். கூட்டத் தெரியாமல் கூட்டுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த முறை பிள்ளைகளை அடக்கிவிட்டு, எப்படிப் பிடிப்பது என்று நான் போய்க் காட்டினேன். எனக்கும் சரியாக வரவில்லை.

அந்தப் பெண் உடனே உள்ளே வந்துவிடவில்லை. நான் முதல் பஸ்ஸிலேயே வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அம்மா பஸ் ஏறியதும் அவள் கூட்ரோட்டுக்கே வந்துவிடுவாள், நான் இறங்கியதும் கூட்டி வருவேன், அவள் சமையல் அக்கா பக்கத்திலேயே நிற்பாள், வகுப்பறைக்குள் மட்டும் கால் வைக்கமாட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று.

பிறகு ஒருநாள் காலை நான் மேஜையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தபோது தானாகவே உள்ளே வந்தாள். சுவரில் இருந்த பட்டியலை விரல் வைத்துப் பார்த்தாள். அன்று அவள் பெயர் எதிலும் இல்லை. ஜன்னலோரம் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்தாள். அந்தப் பள்ளியில் அவள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மனசு நிறைந்துபோயிற்று.

அம்மா பஸ் ஏறிவிட்டாரா என்று கேட்கலாமென்று தலையைத் தூக்கி அவள் பெயரைச் சொன்னேன். கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை. அவள் எழுந்து, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பம் இருந்த மூலையைப் பார்த்து நின்றாள்.