கடித்துத் துப்பிய காய்

விதைச் சான்று அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து வயலில் களை எடுப்பவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'கசப்பு மேடம்'தான். நேரில் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'கசப்பு'. இது அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வெள்ளரியை விதைக்காகப் பயிர் செய்கிறவர்களின் வயலைப் போய்ப் பார்த்து, இந்த விதையை விற்கலாம், அல்லது கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. வயலுக்குள் பார்ப்பதைவிட வயலுக்கு வெளியேதான் அதிகம் பார்ப்பார். வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் குப்பைமேட்டிலும் காட்டு வெள்ளரி யாரையும் கேட்காமல் முளைத்துப் படர்ந்திருக்கும். காய் விரல் நீளம்கூட இராது. வாயில் வைத்தால் அன்று முழுக்க வேறு எதுவும் ருசிக்காது, அப்படி ஒரு கசப்பு. அதன் மகரந்தத்தைத் தேனீ தூக்கிவந்து நல்ல வெள்ளரிப் பூவில் வைத்துவிட்டால் இந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. விதையை வாங்கிப் போய் அடுத்த வருஷம் போடுகிறானே ஒருவன், அவன் தோட்டத்தில்தான் கசக்கும். அவன் தேனீயைத் திட்டமாட்டான், கையெழுத்துப் போட்டவரைத்தான் திட்டுவான்.

காட்டு முலாம் வேறு ஜாதி. அதே மஞ்சள் பூ, அதே பச்சை வரிபோட்ட குட்டிக் காய், ஆனால் வெள்ளரியோடு கலக்கவே கலக்காது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மேடம் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "முலாம், வெள்ளரிக்குப் பங்காளி. பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தாலும் கல்யாணப் பேச்சுக்கு இடமில்லை. காட்டு வெள்ளரிதான் முறைப்பையன். அவனை மட்டும் அண்டவிடாதீங்க."

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கும் வழி இருக்கிறது. வெள்ளரி இலைக்கு மூலைக்கு மூலை கூரான முனை உண்டு, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். முலாம் இலை முனை மழுங்கி, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். வெள்ளரிப் பிஞ்சின் மேல் சின்னச் சின்ன முள் இருக்கும். முலாம் பிஞ்சுக்கு முள் கிடையாது, மெத்தென்று பூனைமுடிதான். மேடமும் ஆரம்பத்தில் இலையைத் தடவித்தான் வேலையைக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்த அலுவலகத்திலிருந்து வயலுக்குப் போன முதல் பெண் அவர். அவர் இலையைத் தடவிக்கொண்டு நின்றபோது வயல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒரு காயைப் பறித்து, எல்லோரும் பார்க்கக் கடித்து, முகம் சுளிக்காமல் மென்று, துப்பி, "காட்டு வெள்ளரி" என்றார். சிரிப்பு அடங்கிப்போனது. அன்றிலிருந்து கடிப்பதும் துப்புவதும்தான் அவர் முறை. அவர் சுற்றிய பக்கத்தில் முலாம் பிஞ்சு பெரும்பாலும் சப்பென்று இருந்ததால் முறை பலித்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று சொல்வார். தவறியது எதுவும் தெரியவந்ததில்லை என்பதுதான் சரி. ஆனால் அதை அவர் யோசித்ததில்லை.

ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும்போது அந்த வயலுக்குப் போனார். வயல்காரர் அவருக்குப் பழக்கமானவர், பல வருஷமாக வெள்ளரி விதை போடுகிறவர். மனைவியும் கூடவே வயலில் உழைப்பார். மனைவியின் தம்பிக்கு டவுனில் மோட்டார் ரிப்பேர் கடை. கடை திறக்கும் முன் காலையில் வந்து வேலியைச் சுற்றிப் பார்த்து, வேண்டாத கொடிகளைப் பிடுங்கிப் போடுவது அவர் பொறுப்பு. வயலில் காய்கள் விதைக்காக முற்றி மஞ்சளாகிக் கிடந்தன. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் விதை எடுத்துவிடலாம்.

வேலியின் வடக்கு மூலையில் ஒரு கொடி ஏறியிருந்தது. இலைகளை வண்டு அரித்துச் சல்லடையாக்கி வைத்திருந்தது. மேடம் கோழிமுட்டை அளவில் மூன்று காய்களைப் பறித்தார். வழக்கமாக அப்படியே கடிப்பவர்தான். ஆனால் போன மாதம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் படுத்துவிட்டதால், அவர் கணவர் தினமும் காலையில், "கழுவாம எதையும் வாயில வைக்காத" என்று மந்திரம்போல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். எனவே பாட்டில் தண்ணீரில் மூன்று காயையும் கழுவி, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். தோலில் இருந்த பூனைமுடி அத்தனையும் கைக்குட்டையோடு போனது. பிறகு ஒன்றைக் கடித்தார். நாக்கு மடங்குகிற கசப்பு. துப்பினார்.

"காட்டு வெள்ளரிங்க" என்றார்.

வயல்காரர் மேடத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று காலையும் வந்து பக்கத்தில் நின்ற மச்சான் பக்கம்தான் திரும்பினார். "வேலி உன் பொறுப்புன்னு சொன்னேனா இல்லையா?"

"பார்த்தேன் மாமா" என்றார் தம்பி.

"பார்த்த லட்சணமா இது? தலை உயரத்துக்கு ஏறி நிக்குது, அது கண்ணுக்குத் தெரியலையா? உங்கக்கா முகத்துக்காகத்தான் உன்னை நம்பி விட்டேன். ஒரு வேலைக்கு லாயக்கில்லாதவன்னு ஊரே சொல்லுச்சு, நான்தான் கேக்கலை. இனிமே என் வாசப்படி மிதிக்காத."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அவர் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். விதையை இனி விற்க முடியாது, முற்றிய காய் சமையலுக்கும் ஆகாது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சாயங்காலத்துக்குள் வேலிக் கொடியோடு சேர்த்து எல்லாக் கொடியையும் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார்கள். மேடம் அறிக்கையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை என்றால் வேலை என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

மீதி இரண்டு காயும் அவற்றோடு கிள்ளிய ஓர் இலையும் அறிக்கைக்கு அத்தாட்சியாக அலுவலக அலமாரிக்குப் போயிருக்க வேண்டியவை. டிபன் பையின் அடியில் போட்டவர் மறந்தே போனார். மறுநாள் பையைக் கழுவ எடுத்த கணவர், எதையும் தூக்கிப்போட மனம் வராத மனிதர், இலையைச் செய்தித்தாளில் மடித்து, காய்களோடு சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் காலை. மேடம் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"பழம் ஏதாவது வாங்கிட்டு வந்தியா? வீடே மணக்குது" என்று கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"நான் எதுவும் வாங்கலையே."

"அப்போ இது என்ன?"

கணவரின் உள்ளங்கையில் இருந்தது அந்தக் காய். மஞ்சளாகிவிட்டிருந்தது. மேடம் வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார். இனிப்பான, கனிந்த, சந்தேகத்துக்கு இடமே வைக்காத வாசனை. வெள்ளரி எவ்வளவு முற்றினாலும் இப்படி மணக்காது. இன்னொரு காயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். காம்பைச் சுற்றியிருந்த பள்ளத்தில், கைக்குட்டை எட்டாத இடத்தில், பூனைமுடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. செய்தித்தாளைப் பிரித்தார். வண்டு விட்டுவைத்த பாதி இலையின் விளிம்பு மழுங்கி, வளைந்திருந்தது. முதல் வாரம் வேலைக்கு வந்தவர்கூடச் சொல்லிவிடுவார். சீப்பு தலையிலேயே நிற்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட கணவர் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், எதற்கும் பதறமாட்டார். காயை உள்ளங்கையில் உருட்டினார்.

"வேலியில இருந்த கொடியும் இல்லை, வயல்ல இருந்த செடியும் இல்லை. நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்லை" என்றார். "ஏழு மாசம்தான் இருக்கு உனக்கு. மாலை போட்டு அனுப்புவாங்க. இல்லேன்னா விசாரணைன்னு இழுப்பாங்க. எது வேணும்னு பார்த்துக்கோ."

"அந்தத் தம்பியை வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டாருங்க. என் கண்ணு முன்னாடி."

கணவர் காயை அவர் கையில் வைத்தார். "அப்போ கிளம்பு. ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ல போ. யோசனையில வண்டி ஓட்டாத."

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மேடம் வெளியே பார்க்கவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்ததில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தார். பூசி மெழுகினால் அசிங்கம், நேராகவே சொல்லிவிட வேண்டும் என்று நடக்கும்போது முடிவு செய்தார்.

அப்படியே சொன்னார். வயல்காரரின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "அண்ணா, அது வெள்ளரி இல்லை. முலாம். நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லிக் காயை நீட்டினார்.

வயல்காரர் மோந்து பார்த்தார். மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மா மோந்து பார்த்துவிட்டு அழுதார். செடிக்காக அழவில்லை என்பது மேடத்துக்கு உடனே புரிந்தது.

"இத்தனை வருஷமா உங்க நாக்கைத்தானே மேடம் நம்பினோம்" என்றார் வயல்காரர். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மேடத்துக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கறேன், தப்பு என்னோடதுன்னு. இன்னைக்கே கொடுத்துடறேன்."

"கொடுங்க. கொடுக்க வேண்டியதுதான். விதை போனா அடுத்த பருவம் போட்டுக்கலாம். நான் அவனைச் சொன்ன சொல்லு இருக்கே, அதை எந்த ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கறது?"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு நாளன்னைக்குன்னு இழுக்காதீங்க. இப்பவே போங்க, ரெண்டு பேரும்" என்றார்.

வயல்காரரின் பழைய சரக்கு வண்டியில் போனார்கள். கடைக்கு எதிரில் நிறுத்திய வயல்காரர் ஸ்டியரிங்கை விடாமல், "நீங்க முன்னாடி போங்க மேடம், நான் வண்டியைப் பார்த்துக்கறேன்" என்றார். அந்த வண்டியைச் சும்மா கொடுத்தாலும் எவனும் எடுத்துப்போகமாட்டான். மேடம் இறங்கினார்.

தம்பி ஒரு மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும் ஒரு கையால் 'இருங்க' என்று காட்டினார். சுற்றின் எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. மேடம் எண்ணெய்க் கறை படிந்த தரையில் நின்று, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார்.

"முலாம்தான்னு தெரியும் மேடம்" என்றார் தம்பி.

"தெரியுமா?"

"வண்டு விழறதுக்கு முன்னாடியே பார்த்தேன். இலை உருண்டையா இருந்தது. இது முலாம், வெள்ளரியை ஒண்ணும் பண்ணாது, பூ இருந்தா தேனீ கூட நாலு வரும்னு நானேதான் விட்டு வச்சேன்."

"அன்னைக்கு ஏன் தம்பி சொல்லலை?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா நீங்கதான் ஏற்கெனவே கடிச்சுத் துப்பிட்டீங்களே. அதுக்கப்புறம் ஒரு மோட்டார் ரிப்பேர்காரன் சொல்லி யார் கேட்பாங்க?" கம்பியின் முனையைக் கத்தரித்தார். "அதைக்கூட விடுங்க மேடம். வீட்டுக்குப் போய்ப் படுத்தா எனக்கே சந்தேகமாயிடுச்சு. மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் தப்பாப் பார்த்திருக்கேன், எங்கக்கா வயலை நானே அழிச்சுட்டேன்னு. பத்து நாளா அதேதான் மண்டையில ஓடுது."

முலாமை வெள்ளரி என்று சொன்னதைப் பற்றித்தான் மேடம் காலையிலிருந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். சரியாகப் பார்த்த ஒருவனைத் தன் கண்ணையே நம்பாமல் செய்துவிட்டது இப்போதுதான் தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி வாயைத் திறந்து மூடியவர்கள் எத்தனை பேரோ. அவர்களையெல்லாம் தேடிப் போய்க் கேட்கவா முடியும்?

"நீங்க பார்த்ததுதான் சரி தம்பி. நான் இலையைப் பார்க்கவே இல்லை. என்னை மன்னிச்சுடுங்க" என்றார்.

தம்பி கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தார். "மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். எதிர்ல வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கார். இறங்கி வரத் தயங்கறார்."

தம்பி எட்டிப் பார்த்தார். வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வயல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி ஸ்டூல் மேல் கிடந்த ஸ்பேனர்களை எடுத்துக் கீழே வைத்தார். ஸ்டூலைத் துடைத்தார். கடையில் இருந்த ஒரே மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார்.

"இந்த வெயில் அவருக்கு ஆகாது மேடம், உடனே தலைவலி வந்துடும்" என்றார். "உள்ள வரச் சொல்லுங்க."