பூச்சியம் வராத வரிசை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது எண் புதிர் அனுப்பிவிடுவார்கள். நாலைந்து எண்களைப் போட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி வைத்து, புத்திசாலிகள் மட்டும் விடை சொல்லவும் என்று கீழே எழுதியிருக்கும். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் புத்திசாலிகள் என்பதால் விடைகள் மளமளவென்று வந்து விழும். நான் மட்டும் திறந்ததுமே மூடிவிடுவேன். கணக்கில் நான் மட்டம் இல்லை. இறங்கிக்கொண்டே போகிற எண்களை மட்டும் இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது.

நான் பத்தாவது படித்த வருடம் ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. அப்பா பூ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஈரச் சாக்குகளை ஒதுக்கிவிட்டு, பாயை விரித்து, அதே வண்டியில் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டெங்கு என்றார்கள்.

பெண்கள் வார்டுக்குள் ஆண்களை ராத்தங்க விடமாட்டார்கள். நத்தத்திலிருந்து பெரியம்மா, அம்மாவின் அக்கா, துணைக்கு வந்து உள்ளே இருந்தாள். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். பிளேட்லெட் எத்தனை என்று நர்ஸ் பெரியம்மாவிடம் சொல்வார், பெரியம்மா வெளியே வந்து அப்பாவிடம் சொல்வாள், அப்பா பள்ளிக்கூடம் விட்டு வருகிற என்னிடம் சொல்வார். அந்த ஒரு எண்ணைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஒரு லட்சத்து இருபதாயிரம். செவ்வாய்க்கிழமை எண்பதாயிரம்.

அந்த வாரம் பார்த்துத்தான் எங்களுக்குத் தொடர்வரிசைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாடத்தை அந்த வாரத்தில் கொண்டுவந்து வைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வட்டமோ முக்கோணமோ நடந்திருந்தால் எல்லாப் பிள்ளைகளையும் போல அழுது பயந்திருப்பேன். இப்போது பயப்படுவதற்கு என் கையில் சூத்திரம் இருந்தது. ஆயிரத்தை விட்டுவிட்டால் முதல் உறுப்பு நூற்றிருபது, அடுத்தது எண்பது, வித்தியாசம் நாற்பது. கூட்டுத் தொடர்வரிசை என்றால் ஒவ்வொரு தடவையும் அதே நாற்பது குறையும். புதன்கிழமை நாற்பது. வியாழக்கிழமை பூச்சியம். நான் உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை இது. வேப்பமரத்தடியில் அப்பா எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் மண்டை தானாகவே போட்டு முடித்துவிட்டது.

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

இரண்டு உறுப்பை மட்டும் வைத்து எந்த வரிசை என்று முடிவு கட்டாதே, மூன்றாவது வரட்டும் என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். அதே நூற்றிருபதும் எண்பதும் பெருக்குத் தொடர்வரிசையாகவும் இருக்கலாம். அதில் குறைவது ஒரே அளவு இல்லை, ஒரே பங்கு. மூன்றில் ஒரு பங்கு போய், இரண்டு பங்கு நிற்கும். அப்படியானால் மூன்றாவது எண் ஐம்பத்து மூன்று சொச்சம் வரவேண்டும். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. அன்றைக்குக் கும்பிட்டேன். அம்மா பிழைக்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, இது பெருக்குத் தொடராக இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். பெருமாளுக்கு என்ன புரிந்ததோ.

புதன்கிழமை ஐம்பத்து நாலாயிரம் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அப்பா பயந்துபோனார்.

"என்ன தாயி, இன்னும் கொறஞ்சில்ல போயிருக்கு. நீ சிரிக்கிற?"

"இது பெருக்குத் தொடர்ப்பா. மூணுல ஒரு பங்குதான் ஒவ்வொரு நாளும் போகுது. மிச்சம் ரெண்டு பங்கு எப்பவும் நிக்கும். பூச்சியம் வராது."

"வரவே வராதா?"

"எம்புட்டு நாள் ஆனாலும் வராது."

அப்பா எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினார். இரண்டு நாளாக டீயிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர் கேண்டீனில் நாலு இட்லி சாப்பிட்டார். அதற்கப்புறம் போனை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. "எம்மக கணக்குப் போட்டுப் பாத்துருச்சு. பூச்சியமே வராதாம்" என்று தாடிக்கொம்புச் சித்தப்பாவிலிருந்து பூ மார்க்கெட் கூட்டாளிகள் வரை ஒருவர் விடாமல் சொன்னார். பெரியம்மா அதை வார்டுக்குள் கொண்டுபோனாள். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கசாயமும் சொல்லிக்கொண்டிருந்த சனமெல்லாம் என் கணக்கையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது.

அன்றைக்கே அம்மாவுக்குக் காய்ச்சலும் விட்டிருந்தது. எல்லோருக்கும் நிம்மதி. வியாழக்கிழமை சாயங்காலம் நான் வார்டுக்குள் போனபோது அம்மாவின் கட்டில் பக்கத்தில் டாக்டர் நின்று பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஜாக்கிரதையாகப் பார்க்கணும் என்றார். அன்றைய எண் முப்பத்தாறாயிரம். "இருபதுக்குக் கீழ போனா இங்க வச்சுக்க முடியாது, மதுரைக்கு அனுப்பிருவோம். வாய்ல, மூக்குல ரத்தம் கசிஞ்சா உடனே கூப்பிடுங்க." அம்மா கொசுவலைக்குள் கண்ணை மூடிக் கிடந்தாள்.

முப்பத்தாறு என்பது ஐம்பத்து நாலில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. வரிசை அச்சுப் பிசகாமல் நடக்கிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமை இருபத்து நாலு. சனிக்கிழமை பதினாறு. பூச்சியம் வராது என்று நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதைக் கொண்டு என்ன செய்வது? ஆளைக் கொண்டுபோகப் பூச்சியம் வரை இறங்கவேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளியே அப்பா யாரிடமோ போனில், "வராதுண்ணே, படிச்ச புள்ள சொல்லுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இருபதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை இருபத்து நாலாயிரம்.

சூத்திரம் சரியாக வந்தால் யாருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு இல்லை. கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அம்மா இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்று கை காட்டினாள். அவள் பல்லிடுக்கில் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏ புள்ள, பூச்சியம் வராதாமே?" என்றாள்.

"வராதும்மா."

"அப்பறம் என்ன. போ, போய்ப் படி."

சனிக்கிழமை பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ். நான் போகமாட்டேன் என்றேன், அப்பா விரட்டி அனுப்பினார். டீச்சர் போர்டில் எழுதுகிற ஒவ்வொரு வரிசையும் எனக்குப் பதினாறில் போய் நின்றது. பதினொரு மணி வாக்கில் பள்ளிக்கூட ஆயா வந்து, உன்னைத் தேடி உங்க அப்பா வந்திருக்காரு என்றார். மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகப்போகிற பிள்ளையைத் தேடி ஒரு அப்பா எதற்குப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும்? மதுரைக்குப் போகிற ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கேட் வரைக்கும் போனேன்.

அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"முப்பத்தொண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்தச் சூத்திரத்திலும் முப்பத்தொன்று கிடையாது.

"ஏறிருச்சு தாயி. ஒங் கணக்கு தப்பாப் போச்சு." சொல்லிவிட்டு அங்கேயே தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்கு இன்னும் பயம்தான் கூடியது. இறங்குகிற வரைக்கும் அடுத்தது என்ன என்று தெரிந்தது, இப்போது அதுவும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தெட்டு வந்தது, திங்கட்கிழமை தொண்ணூறைத் தாண்டியது. அம்மா எழுந்து தானே தலை வாரிக்கொண்ட பிறகுதான் நான் அடுத்த எண்ணைக் கேட்பதை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரம் கழித்து, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனசில் கிடந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"பூச்சியம் வராதுன்னு சொன்னேன்லம்மா, அது பாதிதான். இருபதுக்குக் கீழ போயிரும்னு எனக்கு வியாழக்கிழமையே தெரியும்."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"இருபதுன்னு டாக்டர் சொன்னப்ப நான் முழிச்சுத்தான் கெடந்தேன். வெள்ளிக்கிழமை நீ கஞ்சியோட வந்து நின்னியே, ஒன் மொகத்தப் பாத்தேன். நமக்கு அம்புட்டுத்தான்னு நெனச்சுட்டேன்."

"பெறகு ஏன் வராதாமேன்னு கேட்ட?"

"நான் அதை நம்புறேன்னு நீ நெனைக்கட்டும்னுதான்" என்றாள். நறுக்கின காயை என் பக்கம் தள்ளி, தண்ணீரில் அலசிக்கொண்டு வரச் சொன்னாள்.