இன்னும் ஒரு பிடி

போன மீன்பிடித் தடைக்காலம் வரைக்கும் என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. விசைப்படகில் எஞ்சின் டிரைவராக இருந்தவர் அவர். வலை இழுக்கிற வின்ச்சில் ரோப்போடு சேர்ந்து வலது கை மாட்டிக்கொண்ட நாளிலிருந்து, கேஸ் சிலிண்டர் மாட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். காயம் ஆறிவிட்டது. விரல்கள் மடங்கும், ஆனால் இறுகாது. கையில் பலம் இல்லை என்பதைவிட, பலம் இல்லாத கையை நான் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. அந்தக் கை மறுபடி ஒரு வேலையைத் தொடாதா என்று நான் மாதாவிடம் கேட்காத நாளில்லை. கடைசியில் தொட்டது. எங்கள் பைக்கின் அடியில் இருக்கிற ஆயில் போல்ட்டைத்தான் தொட்டது. அதனால் அந்தப் போல்ட்டோடு நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பரமக்குடிப் பக்கம் வயல்காட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் மாட்டைக் கட்டினால்கூட அது கழுத்தைத் திருப்ப இடம் விட்டுத்தான் கட்டுவார்கள். கல்யாணமாகி மண்டபம் என்கிற இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தேன்; இங்கே எல்லாமே இறுக்கம். இவர் மூடிய ஊறுகாய் ஜாடியை நான் திறந்ததே இல்லை. இவர் அடைத்த குழாயில் தண்ணீர் பிடிக்க இவரையே எழுப்ப வேண்டும். வந்த புதிதில் இது என்ன முரட்டுத்தனம் என்று எரிச்சலாக வரும். பிறகுதான் காரணம் கடல் என்று புரிந்தது.

படகு கிளம்புவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டுகளை ஆளுக்கு ஒரு பிடி பிடித்துப் பார்ப்பார்கள். டிரைவர் இறுக்கியதில் சந்தேகம் என்று இல்லை. கரையில் கை வைக்காதவன் கடலில் குறை சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம். எஞ்சின் ஆட்டத்தில் ஒன்று கழன்றால் போதும், நீரோட்டம் படகை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். அங்கே பிடித்து அடைத்துவிடுவார்கள், அப்புறம் பெண்டாட்டி பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்ய வேண்டியதுதான். அதனால் ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி இழுப்பார்கள். இனி அசையாது என்று தெரிந்த பிறகும், "இன்னும் ஒரு பிடி" என்று ஒருவர் சொல்லுவார். படகு எஞ்சின் அதைத் தாங்கும். பைக் தாங்குமா?

எனக்கு உச்சிப்புளிப் பக்கம் அங்கன்வாடியில் வேலை கிடைத்தபோதுதான் பைக் வாங்கினோம். கடலுக்குப் போகாத நாளில் அவர் கொண்டுபோய் விடுவார். மற்ற நாளில் நானே ஓட்டிப் போவேன். சேலையோடு பைக் ஓட்டுகிற டீச்சர் என்று பிள்ளைகளுக்கு என்மேல் பெரிய மரியாதை.

முதல் தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போகாத இரண்டு மாதமும் இந்த ஊர் ஆம்பளைகளுக்குக் கை சும்மா இருக்காது. கதவுக் கீலில் ஆரம்பித்து தையல் மிஷின் வரைக்கும் கழற்றி மாட்டுவார்கள். இவர் பைக்குக்கு ஆயில் மாற்ற உட்கார்ந்தார். அழுக்கு ஆயிலை வடித்தார், போல்ட்டை மாட்டினார், இறுக்கினார். அப்புறம் பைப்பைச் செருகினார்.

"போதுமுங்க," என்றேன்.

"நீ பேசாம இரு புள்ள. இன்னும் ஒரு பிடி."

பிடித்தார். ஸ்பேனர் வழவழவென்று சுற்றிக்கொண்டு போனது, இவர் மண்ணில் மல்லாந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. போல்ட் இரும்பு, எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சண்டை வந்தால் எது தோற்கும் என்று எங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகளே சொல்லும். உள்ளே போல்ட்டைப் பிடித்திருந்த திருகு மரை அத்தனையும் போல்ட்டோடு சுருள் சுருளாக வந்துவிட்டது.

பைக்கைக் குட்டியானை வேனில் ஏற்றி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என்ன ஆச்சு, எங்கே விழுந்தீங்க என்று விசாரிப்பு. எங்கும் விழவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இதைச் செய்தார் என்று எப்படிச் சொல்வது? லேத்துப் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, தடித்த போல்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். இதுவும் போனால் அடிப்பாகத்தையே மாற்ற வேண்டும் என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். திரும்பும்போது பாதி வழி வரைக்கும் இவர் வாய் திறக்கவில்லை. நான் திறந்துகொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து அந்த மரைக்கு நான் காவல். பைப்பை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கைக்கு அடக்கமான குட்டை ரிங் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பழசு நசுங்கிப் போய் ஒழுகும், ஒழுகினால் இவர் இறுக்குவார், இறுக்கினால் மரை போகும். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் காற்றில் உப்பும் மணலும் பறக்கிறதால் போல்ட்டைத் துணியால் சுத்தமாகத் துடைத்துக் கொடுப்பேன். முதலில் விரலால்தான் மாட்ட வேண்டும், அதுவும் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றி, மரை மரையோடு சேர்ந்து 'டக்'கென்று உட்காருவது கைக்குத் தெரிந்த பிறகுதான் வலப்பக்கம். ஸ்பேனரால் இறுக்கும்போது வாஷர் லேசாக நசுங்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில் "போதும்" என்று சொல்லத்தான் நான் பக்கத்தில் குந்தியிருப்பேன்.

"ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கறவ எனக்கு எஞ்சின் சொல்லிக் குடுக்க வந்துட்டா," என்பார்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுங்க."

"அமிர்தத்த எவன் குடிச்சான்? நீ ஆயிலப் பாரு."

முணுமுணுப்பார், ஆனால் நிறுத்திவிடுவார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் ஸ்பேனர் தானாக அசையும். "இன்னும் ஒரு பிடிதானே," என்று முனகல் கேட்கும். கையைத் தட்டிவிடுவேன். அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. பூவரசு மரத்தடி நிழல், அவர் சட்டையிலிருந்து வருகிற டீசல் வாசம், உள்ளே அடுப்பில் கொதிக்கிற மீன் குழம்பு. ஆயில் மாற்றியதும் வண்டி எப்படி ஓடுகிறது பார்க்கலாம் என்று பாம்பன் பாலம் வரைக்கும் கூட்டிப்போவார். வண்டி எப்போதும் போலத்தான் ஓடும். எனக்கு அந்தக் காற்று வேண்டும், அவருக்கு என்னை ஏற்றிக்கொண்டு நாலு பேர் முன்னால் போக வேண்டும். அவ்வளவு சண்டைக்கும் நடுவில் அந்தத் தடித்த போல்ட் வருடக்கணக்காக ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றது.

பிறகுதான் அந்த வின்ச் கையைப் பிடித்தது.

படகில் வேறு டிரைவர் வந்துவிட்டார். இவர் கரையில் மீன் எடை போடுகிற இடத்தில் உட்காரத் தொடங்கினார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் எல்லாம் செய்தார். வீட்டில் ஜாடி மூடிகள் சுலபமாகத் திறந்தன. எத்தனை வருடம் அதற்காகத் திட்டியிருப்பேன்! சுலபமாகத் திறந்த முதல் நாள் அடுப்படியில் நின்று அழுதேன்.

பைக்குக்கு நானே ஆயில் மாற்றத் தொடங்கினேன். பட்டறையில் கொடுக்க மனம் வரவில்லை. அவசரத்தில் எவனாவது இறுக்கித் தொலைப்பான். நான் ஸ்பேனரை எடுத்தால் இவர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். கூப்பிட்டுப் பார்த்தேன், வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். திரும்பியே பார்க்க மாட்டார்.

போன தடைக்காலத்திலும் அப்படித்தான் மரத்தடியில் உட்கார்ந்து ஆயிலை வடித்தேன். அன்றைக்கு ஏனோ அவர் கடற்கரைக்குப் போகவில்லை, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போல்ட்டை விரலால் மாட்டினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"எடப்பக்கம் சுத்திப் பாத்தியா?" என்றார், திரும்பாமலே.

"சுத்துனேங்க."

"மணல் கெடக்கும். நல்லாத் தொட."

வேறு துணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் பைக்கின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். போல்ட்டை வேட்டி நுனியிலேயே துடைத்து மாட்டிவிட்டார். வலது கையில் ஸ்பேனர். நான் தூணோடு தூணாக நின்றுவிட்டேன். மூச்சு விட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இறுகாத விரல்களின் மேல் இடது உள்ளங்கையை அழுத்தி, தோளைக் கொடுத்து இழுத்தார். ஸ்பேனர் கொஞ்சம் நகர்ந்தது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, வாஷர் நசுங்குகிற இடத்தில் வந்து நின்றது. எனக்கு அந்த இடம் தெரியும், அத்தனை வருடம் காவல் காத்த இடம். பைப்பைப் போட்டு இழுத்த மனிதனின் மொத்த பலமும் இப்போது அந்தப் போல்ட்டுக்குத் தேவையான அளவுதான் இருந்தது.

நெற்றி வியர்வை மூக்கில் வழிய என்னை நிமிர்ந்து பார்த்தார். கையை ஒளிக்கவில்லை.

"போதுமா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. போதும் என்றுதான் என் நாக்கில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இன்னும் ஒரு பிடி பிடிங்க," என்றேன்.

பிடித்தார்.