தலைகீழாகத் தொங்கிய நாலாவது படம்

கடந்த சனிக்கிழமை நானும் அண்ணையும் மத்திய லண்டனில் ஒரு கண்காட்சிக்குப் போனோம். இருபதாம் நூற்றாண்டுப் பெல்ஜிய ஓவியர் ஒருவர் கரியால் அரூபமாக வரைந்த மனித உருவங்கள், மொத்தம் ஏழு படங்கள். அரூப ஓவியத்துக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனால் அந்த ஏழுக்கும் பிரேம் போட்டவர் என் அண்ணை சிவநேசன். நோர்பரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் மூன்று கிழமை வேலை. திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. இருபது வருடமாகப் பிரேம் போடுகிற மனிதர், தன் வேலையை ஓர் ஓவியக் கலரிச் சுவரில் பார்த்ததேயில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெளிக்கிடுங்கோ" என்றேன்.

நோர்பரியில் 10.12 ரயில். விக்டோரியாவுக்கு இருபத்திரண்டு நிமிடம், கார்டைத் தட்டினால் ஆளுக்கு நாலு பவுண்டுக்குள் முடியும். அங்கிருந்து கிரீன் பார்க் வழியாக இருபத்தைந்து நிமிட நடை. பஸ்ஸை நம்பாதீர்கள், சனிக்கிழமைகளில் அது நம்மைவிட மெதுவாகத்தான் போகும். வழியில் ஒரு காப்பி 4.80. விலையைப் பார்த்துவிட்டு அண்ணை வேண்டாம் என்றுவிட்டார்.

உள்ளே போக இலவசம், ஆனால் மணியடித்துக் காத்து நிற்கவேண்டும். முதல் அறையில் மூன்று படங்கள். அண்ணை படங்களை விட்டுவிட்டு, பிரேம்களின் மூலைப் பொருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது அறையில், நாலாவது படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இது தலைகீழாக் கொழுவியிருக்கு."

ஐந்தாறு கோடுகள்தான். எது மேல், எது கீழ் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"குந்தியிருக்கிற மனிசி. இப்ப காலில கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிக்கிறா" என்றார். அதன்பிறகு என் கண்ணுக்கும் வேறெதுவும் தெரியவில்லை.

மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் சொன்னேன். சிரித்தாள். அரூப ஓவியத்தைப் பார்க்கிற பலருக்கு அப்படித் தோன்றுமாம். அண்ணை தன் இங்கிலீஷில், பணிவாக, பிரேம் செய்தது தான்தான் என்றார். எந்தப் பிரேமையும் பின்னட்டையின் மேல் விளிம்பில் பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவேன், கழற்றிப் பாருங்கள் என்றார். அவள் மனேஜரைக் கூப்பிட்டாள்.

மனேஜர் கையுறை போட்டுப் படத்தைக் கழற்றித் திருப்பினார். சுழி கீழே இருந்தது. அண்ணை கொழுக்கி பூட்டிய துளைகளும் அதன் பக்கத்திலேயே இருந்தன. யாரோ கொழுக்கிகளைக் கழற்றி மறுமுனையில் பூட்டியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றோம். மனேஜர் கேட்டது வேறு: "பின்னட்டையில் கிறுக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது?" இனிக் குறி எதுவும் போட்டால் வேலை தரமாட்டார்களாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

"சுழி போடாமல் எனக்குத் தொடங்க ஏலாது" என்றார் அண்ணை, தமிழில், என்னைப் பார்த்து. நான் ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். அப்படியானால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றார் மனேஜர். அவ்வளவுதான், அந்த இடத்து வேலை போனது.

நான் கதவடிக்குப் போய்விட்டேன். அண்ணை அசையவில்லை. படத்தைச் சரியாகத் திருப்பிக் கொழுவும்வரை நின்று பார்த்தார். "மனிசி சரியாக் குந்தி இருந்திட்டா. வா, போவம்" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதாது.

கண்காட்சி மாதக் கடைசிவரை நடக்கிறது. செவ்வாய் முதல் சனி, பத்திலிருந்து ஆறு மணிவரை. பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். படங்கள் நல்ல படங்கள், வரைந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. சுவர்க் குறிப்பில் ஓவியர் பெயர், காகிதத்தின் வகை, இரவல் தந்தவர் பெயர் எல்லாம் இருக்கும். போகிறவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். மேசையில் இருப்பவரிடம், இந்தப் பிரேம்களைச் செய்தது யார் என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியும். அவர்கள் வாயால் வரட்டும்.