பல்வலி என்று எழுதச் சொன்னேன்

எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. குள்ளமான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. யார் எந்த நோவைச் சொன்னாலும் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

எனக்கு ஒரு மாதமாக வெளிக்குப் போனால் ரத்தம், உட்கார்ந்தால் எரிச்சல். உடம்புச் சூட்டில் வந்த மூலம் என்று நினைத்து துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றேன். தலைசுற்றல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் பின்னால் ஆம்பளைகள் நின்றதால் வெட்கப்பட்டு, "பல்லு வலிங்க" என்று சொல்லிவிட்டேன்.

பல் டாக்டர் அறை முன்னால் பெஞ்சு காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை. சீட்டு எழுதும் அம்மா எழுந்து வந்து காதோரம் கேட்டார்.

"பல்லு வலிக்கு எதுக்குங்க ஆயா நின்னுக்கிட்டே இருக்கீங்க? ரத்தம் போவுதா?"

தலையாட்டினேன். "மூலந்தாங்க. எலை தின்னா சரியாப் போயிடும்."

"நீங்களே மூலம்னு முடிவு பண்ணிட்டா எப்படிங்க? கொடல்ல வேற எதுனா இருந்தாலும் ரத்தம் வரும். டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்."

புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டரம்மா சோதித்துவிட்டு மூலம்தான் என்றார். உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டதாம், ரத்தம் பார்த்த உடனே வந்திருக்க வேண்டுமாம். மாத்திரை கொடுத்து, பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார்.

அதைச் சீட்டு அம்மாவிடம் சொல்லப் போனேன். பழைய சீட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "ஆயாவுக்கு என்னாங்க?" என்றார்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னான்னு சத்தமாப் படிக்கட்டுங்களா?"

அவர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அத்தனை ஆம்பளைகள் நடுவில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னும் விளங்கவில்லை.